சாமிக்கு நேர்ந்த முடி

என் தம்பி கௌசிக் குடித்துவிட்டு ஆட்டோவிலிருந்து தெருவில் விழுந்த நாட்களில் எங்கள் தெரு ஒருநாளும் அதிர்ந்ததில்லை. கலைஞன் என்றால் அப்படித்தான் என்று சொல்லி, ஆளுக்கொரு கை பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். தலையை ஒட்ட வெட்டி, காதுக் கடுக்கனைக் கழற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தெளிந்த கண்ணோடு அவன் நேராக நடந்து வந்த ஒரு சனிக்கிழமையன்றுதான் தெருவே ஆடிப்போனது.

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் அக்ரஹாரத்தைத் தெரியாதவர்களுக்குக்கூடக் கௌசிக்கைத் தெரியும். ‘நாலாந்தெரு’ என்று ஒரு பேண்ட் வைத்திருந்தான். மலையாளமும் தமிழும் கலந்த பாட்டுகள். இடுப்பு வரைக்கும் முடி. கடைசிப் பாட்டில் அந்த முடியை அவிழ்த்துவிட்டு ஒரு சுழற்று சுழற்றுவான், கூட்டம் கத்துகிற கத்தலில் அவன் என்ன பாடுகிறான் என்றே கேட்காது. அவர்கள் விற்ற பனியனில் முகம்கூடக் கிடையாது, வெறும் முடி மட்டும்தான். ஊரில் பாதிப் பையன்கள் என் தம்பியின் தலைமயிரை மார்பில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

பூணூலை அவன் எப்போதோ கழற்றி எறிந்துவிட்டான். மாட்டிறைச்சி வறுவல்தான் உலகத்திலேயே தனக்குப் பிடித்த சாப்பாடு என்று பேட்டியில் சொன்னான். அப்பா அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னொரு தடவை குளித்தார், அவ்வளவுதான். எங்கள் தெருச் சமூகச் சங்கத்தின் செயலாளர் ராமசுப்ரமணியன் மாமா அவனை நவராத்திரிக்குப் பாடக் கூப்பிட்டார். நம்மாத்துப் பிள்ளை என்று மைக்கில் சொல்லி மார்தட்டிக்கொண்டார். எங்களவர்களுக்குப் புகழ் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிற்பாடு.

ஆனால் குடி அவனைத் தின்றது. போன மழைக்காலத்தில் ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி ஒரு சொட்டு உள்ளே போனால் என்னைத் தேடி வராதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். செக்ரட்டேரியட்டில் லீவ் சொல்லிவிட்டு நானும் அம்மாவும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். காய்ச்சலிலும் வியர்வையிலும் அவன் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோது, வாழ்நாளில் யாரையும் அதட்டாத என் அம்மா அவளை அதட்டினாள். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒவ்வோர் இழையாகப் பிரித்துச் சீவினாள். அவன் சாகக் கிடக்கிறான், உனக்கு அவன் அழகா முக்கியம் என்று நான் எரிந்து விழுந்தேன். அம்மா அடுத்த இழையைப் பிரித்தாள்.

யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்பும் அப்படித்தான். முடியை வெட்டு வெட்டு என்று அப்பா கத்தும்போதெல்லாம் குறுக்கே விழுந்தவள் அம்மா. அம்மாவுக்கு மட்டும்தான் என் ஸ்டைல் பிடிக்கும் என்று கௌசிக்கும் அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவான். அந்த லட்சணத்தில்தான் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் புரிந்துவைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் மறுபடியும் குடித்தான். மறுபடியும் அதே வார்டு. அந்தத் தடவை அடுத்த கட்டிலில் பாறசாலைக்காரர் ஒருவர் படுத்திருந்தார், ராஜமணி என்று பெயர். ஊருக்கு வெளியே பேயாட்டில் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபைக்குப் பாஸ்டர். தனக்கே முடியாத நிலையிலும் இவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, இவன் கை நடுங்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆனதும் கௌசிக் வீட்டுக்கு வரவில்லை, பேயாட்டில் தனியாக அறை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாளில் பேண்டின் டிரம்மர் பிரதீஷ் என் ஆபீசுக்குப் போன் செய்தான். சேச்சி, அவன் கிடாரையெல்லாம் என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டான், இனி மேடையே வேண்டாமாம் என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான். அருவிக்கரைப் பக்கம் ஆற்றில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்களாம். அருவிக்கரையிலிருந்து வரும் அதே ஆறுதான் எங்கள் தெருக்கோடியிலும் ஓடுகிறது. அப்பா தினமும் காலையில் அதில்தான் அர்க்யம் விடுகிறார்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அந்த வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். பால்காரரிடம்கூட வணக்கம் சொல்லிவிட்டு வந்தான். வாசலில் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அவன் கழற்றுகிற செருப்பு ஒன்று கிழக்கே கிடந்தால் ஒன்று மேற்கே கிடக்கும்.

குடியை விட்டுவிட்டதாகச் சொன்னான். விடியற்காலையில் எழுந்திருக்கிறானாம், இறைச்சிகூட இப்போது வேண்டியிருக்கவில்லையாம். இதெல்லாம் நடக்கவேண்டும் என்றுதான் அப்பா இத்தனை வருஷமாகக் கத்தினார். எல்லாம் நடந்தே விட்டது. அப்பா ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, பேய் அறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அன்றோடு மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மா மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முடியை எங்கேடா வெட்டினே?”

“பேயாட்டுல ஒரு கடையிலம்மா. சபையில ஆணுங்க முடி வளர்க்கப்பிடாது.”

“வெட்டின முடியை என்ன பண்ணினா?”

“என்ன பண்ணுவா? பெருக்கிக் களஞ்சிருப்பா.”

அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை சாமியை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறான், இவள் முடியைக் கேட்கிறாளே, புத்தி பேதலித்துவிட்டதா என்று நான் பதறிப்போனேன்.

அவன் போனபிறகு சமையலறையில் வைத்து அம்மா என்னிடம் சொன்னாள். அவன் குடிக்க ஆரம்பித்தது தெரிந்த நாளிலேயே திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை குடியை விட்டால் அவன் முடி முழுவதையும் உன் சன்னிதியில் இறக்குகிறேன் என்று. வேண்டுதலை நிறைவேறும் முன் வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் வழக்கம். அதனால்தான் இத்தனை வருஷம் காரணம் சொல்லாமல் அந்த முடியைக் காத்துவந்திருக்கிறாள். அவன் ஸ்டைல் என்று நினைத்து வளர்த்ததை, சாமியின் சொத்து என்று இவள் எண்ணெய் தடவி வளர்த்திருக்கிறாள். அது இப்போது பேயாட்டில் ஏதோ குப்பையில் கிடக்கிறது.

கிறிஸ்துவனாகிவிட்டானே, அதற்கு வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“முருகன் யாரை அனுப்பிக் காரியத்தை நடத்தினா எனக்கென்னடி? அந்தப் பாஸ்டரை அனுப்பினதும் அவர்தானாக்கும். அவர் பண்ணவேண்டியதைப் பண்ணிட்டார். நாமதான் கொடுக்கல்லை. கொடுக்காம இருந்தா, தந்ததைத் திருப்பி எடுத்துண்டு போயிடுவாரேடி. அவன் மறுபடியும் குடிப்பான். இந்த வாட்டி பிழைக்கமாட்டான்.”

இது மூடத்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட நான் அந்தப் பயத்தைப் பார்த்ததில்லை.

சரி, நான் முடித்துவைக்கிறேன் என்று கிளம்பினேன். ஃபைலைத் தள்ளிவிட ஆளைப் பிடிக்கிற வேலைதானே எனக்கு. பேயாட்டுக்கே போய் கௌசிக்கிடம் கெஞ்சினேன். மூன்று மாதம் முடி வளரட்டும், ஒருநாள் திருச்செந்தூர் வந்து மொட்டை போட்டுக்கொள், சாமி கும்பிடக்கூட வேண்டாம், கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், அம்மா மனசு ஆறிவிடும் என்றேன். அவன் எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். பொறுமையாகக் கேட்டான். பிறகு, முடியாது அக்கா, அது விக்ரகத்துக்குக் கொடுக்கிறது, பொய்யாகக்கூட என்னால் முடியாது என்றான். பழைய கௌசிக்காக இருந்தால் கத்தியிருப்பான், நானும் கத்தியிருப்பேன், கடைசியில் வந்திருப்பான். இந்தப் புதியவனோடு சண்டை போடக்கூட வழியில்லை. அந்தச் சாந்தத்தைப் பார்த்து எனக்கு டம்ளரைத் தூக்கி எறியலாமா என்று வந்தது.

ஆனால் சனிக்கிழமைதோறும் தவறாமல் வீட்டுக்கு வந்தான். அப்பா அவனைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். அவன் மோட்டாரைச் சரி பார்ப்பான், ஒட்டடை அடிப்பான், மத்தியானம் அம்மாவிடம் சாப்பிட உட்காருவான். முதல் வாரமே சாப்பாட்டில் கையை வைக்காமல் தயங்கினான். சாமிக்கு நைவேத்தியம் பண்ணியதை அவன் சாப்பிடக்கூடாதாம். எங்கள் வீட்டிலோ நைவேத்தியம் ஆகாமல் ஒரு பருக்கை யார் வாயிலும் போனதில்லை, பச்சைக் குழந்தையானாலும் அழுதுகொண்டு காத்திருக்கவேண்டும். அன்றைக்கு அவன் பழம் மட்டும் தின்றுவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். அம்மா சாதத்தை இறக்கி, முதல் கரண்டியை ஒரு தட்டில் போட்டாள். சாம்பாரும் கூட்டும் அப்படியே எடுத்து, மூடித் தனியாக வைத்தாள். மீதியைத்தான் சாமிக்கு முன்னால் கொண்டுபோனாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். யாரோ எடுத்ததன் மிச்சத்தைச் சாமிக்குக் காட்டுவதா? அதுவும் என் அம்மாவா? திரும்பிவந்து என்னைப் பார்த்தவள், அப்பாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வீடியோ வந்தது. ராமசுப்ரமணியன் மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி. நவராத்திரி மைக்கில் மார்தட்டியதை அவர் மறந்தே போயிருந்தார். ஏதோ சபைக் கன்வென்ஷன் மேடையில் கௌசிக் சாட்சி சொல்கிறான், கண்ணை மூடிக்கொண்டு, மலையாளத்தில். குடித்தது, விழுந்தது, ரத்தம் கக்கியது எல்லாம் சொன்னான். அதெல்லாம் உண்மைதான். பிறகு குரல் உடைந்து சொன்னான், நான் செத்துக்கொண்டிருந்தபோது எனக்காகப் பிரார்த்திக்க என் வீட்டில் ஒருவர்கூட இல்லை என்று. கூட்டம் அல்லேலூயா என்றது.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“அந்த இடத்தை ஒருக்க கூட வையுங்கோ,” என்றாள்.

மாமா மறுபடி போட்டார். அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு முருங்கைக்காயை நறுக்கி முடித்தாள். நான்தான் மாமாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினேன். அன்று முழுவதும் அம்மா யாரோடும் பேசவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை அம்மா விடியும்போதே கிளம்பினாள். நாகர்கோவிலில் சித்தி பெண்ணைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். மத்தியானம் வரவில்லை. போன் அணைந்திருந்தது. சித்தி பெண்ணைக் கூப்பிட்டால், இங்கே வரவே இல்லையே என்கிறாள். கௌசிக் வழக்கம்போல வந்தான். அம்மாவைக் காணோம் என்றதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆற்றங்கரைக்கு ஓடினான், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான், வெறுங்கையோடு திரும்பிவந்தான். அந்த வீடியோவைப் பார்த்த அன்று முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை என்பதை நான் அவனிடம் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

சாயங்காலம் வரைக்கும் மூன்று பேரும் ஒரே கூடத்தில் கிடந்தோம். அவன் வந்தால் உள்ளே போகிற அப்பா அன்றைக்குப் போகவில்லை. ஒரு மூலையில் அவர் சகஸ்ரநாமம் முணுமுணுத்தார், இன்னொரு மூலையில் இவன் முழந்தாளிட்டு ஜெபம் பண்ணினான். ரெண்டு பேரும் எழுந்திருந்து போலீஸுக்குப் போகிற வழியைப் பாருங்கள் என்று நான் கத்தினேன். அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது.

அம்மா இறங்கினாள். தலையை மூடி முந்தானையை இழுத்துப் போட்டிருந்தாள். எங்கள் தெருவில் யாரும் முக்காடு போடுவதில்லை, மழையாக்கும் என்று நினைத்தேன், மழையில்லை. குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். விளக்கு மாடத்துக்கு நேரே நின்று முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

மொட்டை. சந்தனம் பூசி, அது காய்ந்து வெடித்த மொட்டை. அதற்குக் கீழே நெற்றி நிறையக் குங்குமம், மூக்கில் வைர மூக்குத்தி, கழுத்தில் தாலி.

எங்கள் தெருவில் பெண்ணின் தலையை மழிப்பது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், புருஷன் போய்விட்டான் என்று. அந்தக் கொடுமை ஒழிந்து எவ்வளவோ காலமாகிறது, பழைய போட்டோவில்தான் நாங்களே பார்த்திருக்கிறோம். கட்டின புருஷன் இருக்கும்போது ஒருத்தி தானாகப் போய் உட்கார்ந்து மழித்துக்கொண்டு வருவாள் என்று யாரும் கனவில்கூட நினைக்கமாட்டார்கள். அது என் அம்மா என்பதை என் கண் ஒப்புக்கொள்ளவே இல்லை. அப்பா தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

“நான் உசிரோட இருக்கேன், விஜயம்,” என்றார்.

“தெரியும். அதனாலதான் குங்குமம் வெச்சுண்டிருக்கேன்.”

திருச்செந்தூரில் முடியெடுக்கிறவர்கூடத் தயங்கினாராம். பூமுடியாக நுனியில் கொஞ்சம் மட்டும் கொடுங்கள் அம்மா, சுமங்கலிகள் அப்படித்தான் கொடுப்பார்கள் என்றாராம். நான் வேண்டிக்கொண்டது முழுத்தலை, குறைத்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். கடலில் முழுகி, ஈரப்புடவையோடு தரிசனம் பண்ணிவிட்டு, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். இதையெல்லாம் கடைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொன்னாள்.

அப்பா வாசல் கதவைச் சாத்தப் போனார். எதிர்வீட்டு வாசலில் ராமசுப்ரமணியன் மாமா வாயைப் பிளந்துகொண்டு நிற்பது தெரிந்தது. திறந்தே இருக்கட்டும், நாளைக்குப் பார்க்கிறவர்கள் இன்றைக்கே பார்த்துக்கொள்ளட்டும் என்றாள் அம்மா. அப்பாவின் கை கதவிலிருந்து இறங்கியது.

கௌசிக் முழந்தாளிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஆயிரம் பேர் முன்னால் பாடியவன், மேடை மேடையாகச் சாட்சி சொன்னவன், அம்மா தலையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கிடைக்காமல் தவித்தான்.

“அம்மா, ஏம்மா?” என்றான் கடைசியில்.

அம்மா அவனுக்கு நேரே தரையில் உட்கார்ந்தாள்.

“உன் பேர்ல நேர்ந்த முடி. உனக்குத் தெரியாது, நீ களஞ்சுட்டே. எனக்கு இருந்தது, கொடுத்துட்டேன். இனி நீ குடிக்கமாட்டே, எனக்குப் பயமில்லை. நீ எங்க வேணும்னாலும் போ, யாரை வேணும்னாலும் கும்பிடு. ஆனா ஒண்ணு. உனக்காகப் பிரார்த்திக்க வீட்டுல ஒருத்தரும் இல்லைன்னு மட்டும் இனி எங்கயும் பறயாதே.”

அவன் தரையில் நெற்றி படக் குனிந்து அழுதான். அப்படி ஓர் அழுகையை நான் ஆண்பிள்ளையிடம் கேட்டதில்லை. நான் அழக்கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதுவும் பலிக்கவில்லை.

அம்மா பையிலிருந்து திருச்செந்தூர் இலை விபூதியை எடுத்தாள். அப்பாவுக்குக் கொடுத்தாள், எனக்குக் கொடுத்தாள். அவனைத் தாண்டிப் பொட்டலத்தை மடிக்கப் போனபோது, கௌசிக் கையை நீட்டினான். கை நடுங்கியது, ஆஸ்பத்திரியில் நடுங்கியது மாதிரி. அப்பா மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஆசை இருந்தது. எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். விபூதி வைக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம். எனக்காக வாங்காதே. நீ பிடிச்சதை விடாம பிடிச்சுக்கோ. அதை விட்டா நீ விழுந்துடுவே.”

பிறகு ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டாள். காலையிலிருந்து யாருமே ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நான் கூட நின்றேன். சாதத்தை இறக்கியதும், அப்பா சமையலறை வாசலில் நிற்பதை நாங்கள் இருவரும் பார்த்தோம். அம்மா ஒரு நொடி தயங்கினாள். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் கரண்டியை எடுத்து அவன் தட்டில் போட்டாள். அப்பா உள்ளே வந்து, அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.